எல்லைக்கு வெளியே ஒரு குழி

அங்கன வெயில்ல நிக்காதீக சார், இங்கன வேப்பமரத்தடிக்கு வாங்க. மார்ச்சுவரி வாசல்னு கூச்சப்படாதீக. பட்டாசுல கருகிச் செத்தவுகளுக்கு நியாயம் கேட்டு நான் உக்காந்து உக்காந்து தேஞ்ச இடம் இது.

பேசலாம் சார். பாடியை வாங்கிக்கச் சொல்லி அந்தப் பிள்ளையோட அப்பன்கிட்டப் பேசலாம். சங்கத்துக்காரன் சொன்னாக் கேப்பான்னு சூலக்கரை கலெக்டர் ஆபீசுல சொல்லிவிட்டாகளாக்கும்? அதுக்கு முன்ன சங்கதியக் கேளுங்க.

உங்க பேங்கு சர்க்காருக்குக் கடன் குடுத்துப் போட்ட ரோட்டுலதான வந்தீக? குலுங்காம இருந்துச்சா? அந்த ரோட்டுக்கு நெரப்புன மண்ணு எங்கூருக் கண்மாயில அள்ளுனது. ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி, அப்படியே போட்டுட்டுப் போயிட்டான் காண்ட்ராக்டர். மழைத்தண்ணி நெறஞ்சதும் எங்கன தரை, எங்கன குழின்னு தெரியல.

பட்டாசுக் கம்பெனி முடிஞ்சு வர்ற பொம்பளைக கை காலெல்லாம் அலுமினியப் பொடி அப்பியிருக்கும். அதோட அடுப்புக்கிட்டப் போக முடியுமா? கண்மாயில எறங்கிக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாக. காலங்காலமா அங்கன முழங்கால் தண்ணிதான். அந்தப் பிள்ளையும் அப்படி நெனச்சுத்தான் எறங்குச்சு, குழிக்குள்ள முங்கிருச்சு.

மனுப் போடலையாவா? நல்லாக் கேட்டீக. குழியை மூடுங்க, இல்ல வேலியாவது போடுங்கன்னு ஆனி மாசமே எழுதுனோம். உங்க புகார்ப் பிரிவு பதில் போட்டுச்சு. குழி திட்ட எல்லைக்கு வெளிய இருக்காம், மண்ணு காண்ட்ராக்டர் வெலைக்கு வாங்குனதாம். ரோடு உங்களுது, ரோட்டுக்கு அடியில கெடக்குற மண்ணும் உங்களுது, அதை அள்ளுன குழி மட்டும் அனாதை. உங்க கொள்கைப் புத்தகத்தை வரி விடாம வாசிச்சவன் சார் நான். தமிழ்லயே போட்டிருக்கீக. நல்ல காகிதம்.

துட்டைப் பத்திப் பேசாதீக. அப்பன் துட்டு வேண்டாம்னுட்டான். குழி எங்க திட்டத்தோடதுன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்றான். எழுதிட்டா ரோடு நெடுகத் தோண்டிப் போட்ட மிச்சக் குழிகளையும் நீங்கதான மூடணும்? நேத்தும் பொம்பளைக அங்கனதான் எறங்கிக் கழுவுனாக. வேற எங்க போவாக?

அப்பன் கல்நெஞ்சனா? சொல்லுங்க, சொல்லுங்க. அந்தா, செவத்துல சாஞ்சு கெடக்காளே வேலுத்தாயி, பிள்ளையைப் பெத்தவ, அவளும் அதைத்தான் சொல்றா. மகளை ஐஸ்ல வச்சு அரசியல் பண்றானாம். அவன் மொகத்தையே பாக்க மாட்டேங்குறா.

நீங்களே நேர்ல பேசிப் பாக்குறீகளா? அப்பனைக் கூப்பிடணுமா?

இம்புட்டு நேரமும் அவன்கிட்டத்தான சார் பேசிக்கிட்டு இருக்கீக. பேனா வச்சிருக்கீகளா?