சாலை முனையில் நின்றவருக்கு

பெருமதிப்பிற்குரிய ஜோலீன் ஹாகன் அம்மையார் அவர்களுக்கு, மாவட்டக் கோழிநோய்ப் பரிசோதனைக் கூடத்தின் பணியாளர்கள் அன்போடு வாசித்தளிக்கும் மடல்.

நெடும்பணியை இன்று நிறைவு செய்பவரே! மினசோட்டாவின் ஜனவரிப் பனியிலும் பணிக்குப் பிந்தாதவரே! பறவைக் காய்ச்சல் வந்தபின் அழுவதைவிட வருமுன் தேடுவதே வேலை என்று எங்களைப் பழக்கியவரே! வணக்கம்.

நீங்கள் புகழுரையை விரும்பாதவர். "கேக்கைச் சீக்கிரம் வெட்டுங்க, மாதிரியெல்லாம் காத்துக் கெடக்கு" என்று காலையிலேயே சொல்லிவிட்டீர்கள். ஆகவே அடைமொழிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பொறுமை, நேர்மை, கடமை என்று வரிசையாக எழுதித்தான் பார்த்தோம். சட்டம் போட்டு மாட்டினால் அது யாருடைய மடலாகவும் இருக்கும். உங்களுடையதாக இருக்கவேண்டுமானால் ஓர் ஏப்ரல் நாளைச் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்த நாள்தான். இங்கே கூடியிருப்பவர்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்ச நேரம் உங்களை "அவர்" என்று சொல்கிறோம். பொறுத்தருள்க.

அதற்கு முன்னால் ஒரு கெட்ட வசந்தம் இருந்தது. ஏரிகளில் பனி உருகி, வடக்கே போகும் காட்டு வாத்துகள் வந்து இறங்கிய வாரத்தில், வெர்லின் கிராத் என்பவரின் வான்கோழிக் கொட்டகைகளில் நோய் விழுந்தது. பறவைகள் குவியலாகச் செத்த பிறகுதான் மாதிரி எடுத்தார்கள். முடிவு வருமுன்பே அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். ஒருவர் செத்தவற்றை வாரினார். ஒருவர் வெர்லினின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ் சமையலறை மேசையில் இடமில்லாமல் அடுக்கப்பட்டது. இங்கே துக்கம் என்றால் அதுதான் வழக்கம். வந்தவர்கள் வீடு திரும்பினார்கள். வண்டிச் சக்கரத்திலும் பூட்ஸ் அடியிலும் நோயும் கூடவே போனது. அடுத்தடுத்து அவர்களுடைய கொட்டகைகளிலும் நோய் விழுந்தது.

இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டு ஜோலீன் சொன்னார். சொல்லிவிட்டுத் திட்டத்தையும் வைத்தார். நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு கொட்டகையிலும் அன்று செத்த பறவைகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து, பண்ணை வாசலில் உள்ள ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். கூடத்தின் வண்டி உள்ளே வராமல் எடுத்துச் செல்லும்.

"ஏன் ஜோலீன், செத்த வான்கோழிக்குக் காய்ச்சல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார் வெர்லின். கூட்டம் சிரித்தது.

"செத்ததுக்கு இல்ல வெர்லின். பக்கத்துல நின்னு தீனி தின்னுட்டிருக்கே, அதுக்கு."

அதற்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்ததுதான் கடினமாக இருந்தது. பாசிட்டிவ் வந்த வீட்டுக்கு யாரும் போகக்கூடாது. உதவிக்கும் கூடாது, சாப்பாட்டோடும் கூடாது. எல்லாப் பண்ணை மாதிரியும் வந்து சேரும் இடம் என்பதால் கூடத்தின் ஆட்கள் எந்நாளும் எந்தப் பண்ணையிலும் கால் வைக்கக்கூடாது.

"தம்பி வீட்டுக்குமா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டவர் டுவெய்ன், ஜோலீனின் தம்பி. அக்காவும் தம்பியும் பிறந்த வீடு அவருடைய பண்ணைக்குள்தான் இருக்கிறது.

"முதல்ல உன் வீட்டுக்குத்தான்."

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அந்த வாரத்திலிருந்து ஜோலீன் அந்த வீட்டுக்குப் போகவில்லை. நன்றித் திருநாள் விருந்து நகரத்தில் அவருடைய சின்ன அடுக்ககத்துக்கு மாறியது. "ஜோவுக்கு எங்க வீட்டுக் காபி கசந்துபோச்சு" என்று டுவெய்ன் ஆண்டுதோறும் கேலி செய்வார். ஆண்டுதோறும் மனைவி கோனியோடு வந்தும் விடுவார்.

பிறகு, போன ஆண்டு ஏப்ரலில் ஒரு பிற்பகல். நோய்க்கிருமி இருந்தால் மட்டுமே ஏறும் கோடு கருவித் திரையில் மேலே ஏறியது. டுவெய்னின் இரண்டாவது கொட்டகை. ஜோலீன் எழுந்து போய் அதே மாதிரியைத் தன் கையாலேயே மறுபடி கருவியில் ஓட்டிச் சோதித்தார். கோடு அதே இடத்தில் ஏறியது. அரசு ஆய்வுக்கூடத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"டுவெய்ன், எங்க இருக்க?"

"டிராக்டர் மேல. ஏன்?"

"இறங்கி வீட்டுக்குப் போ. ரெண்டாவது கொட்டகை பாசிட்டிவ்."

"விளையாடாத. காலைல ரெண்டுதான் செத்துச்சு. மத்ததெல்லாம் தீனித் தொட்டிய முட்டித் தள்ளுது."

"தெரியும். அதான் இப்பவே சொல்றேன்."

"இன்னொரு தடவ ஓட்டிப் பாரேன், ஜோ."

"பாத்துட்டேன்."

டிராக்டரின் இரைச்சல் நின்றது. "கோனிகிட்ட நான் எப்படிச் சொல்வேன்? நீ வர்றியா?"

"வர முடியாது."

"வாசல் வரைக்கும்?"

"வர முடியாது, டுவெய்ன்."

டுவெய்ன் வைத்துவிட்டார். ஜோலீன் தொலைபேசியைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "சுத்தியிருக்கிற எல்லாப் பண்ணைக்கும் போன் போடுங்க. சாயங்காலமும் ஒரு தடவ குச்சி எடுக்கச் சொல்லுங்க. இனி தினமும் ரெண்டு வேளை" என்றார். ஆய்வக மேலங்கியைக் கழற்றினார். குளித்து உடை மாற்றிக்கொண்டு தன் காரில் போனார்.

தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பண்ணைக்குத் திரும்பும் சாலை முனையில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தார். ஊரை அவருக்குத் தெரியும். சேதி கிடைத்ததுமே அடுப்புகள் மூட்டப்பட்டிருக்கும். கூட்டத்தில் அந்த விதிக்குக் கை தூக்கியவர்கள்தான்; இப்போது அது டுவெய்ன் என்று ஆனபின் எத்தனை பேர் வீட்டில் இருப்பார்கள்?

முதலில் வந்த வண்டி வெர்லினுடையது. பக்கத்து இருக்கையில் துணி சுற்றிய பாத்திரம். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டகைகள் அந்தக் கெட்ட வசந்தத்துக்குப் பின் அவர் மறுபடி கட்டியவை. சன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ஓரமா எடு ஜோலீன். ஆறிடும்."

"ஆறட்டும்."

"நீ போகாட்டிப் போ. நான் வாசப்படியில வெச்சுட்டு வந்துடறேன். கதவக்கூடத் தட்டமாட்டேன்."

"உன் வீட்டுலயும் இப்படித்தான் கொண்டு வந்து வெச்சாங்க."

வெர்லின் முகம் சிவந்தது. "அவன் உன் தம்பிடி. உள்ள உக்காந்து அழுதுட்டிருப்பான்."

"ஆமா. அழுதுட்டிருப்பான்." ஜோலீனின் குரல் உயரவில்லை. "காலைல எடுத்தது உன் கொட்டகை நெகட்டிவ். நாளைக்கும் அப்படியே வரணும். நீ இதத் தாண்டிப் போனா, நாளைக்கு உனக்கும் நான்தான் போன் பண்ணணும். எனக்கு இந்த ஒரு போன் போதும், வெர்லின்."

அவர் வண்டியைத் திருப்பவில்லை. முன்னேயும் போகவில்லை. சாலையோரம் நிறுத்தினார். அடுத்து வந்தவரை நிறுத்தியது ஜோலீன் அல்ல, வெர்லின். "கெழவி விடமாட்டா. வரிசையில நில்லு. எறங்காத, எறங்கினா கடிச்சுடுவா" என்று சன்னல் வழியே கத்தினார். ஒவ்வொரு வண்டியாக வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. சமவெளியில் டுவெய்னின் சமையலறைச் சன்னல் அங்கிருந்தே தெரியும். பொழுது சாயும்போது வெர்லின் முகப்பு விளக்கைப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

டுவெய்னின் பறவைகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. அதை இனிப்பாகச் சொல்ல வழி இல்லை. ஆனால் சுற்றியிருந்த எந்தப் பண்ணையிலும் நோய் விழவில்லை. வாரக்கணக்கில், இரு வேளையும், வெர்லினின் கொட்டகைகள் உட்பட அத்தனையும் நெகட்டிவ். இந்த மாவட்டத்தில் ஒரே பண்ணையோடு நின்ற முதல் தொற்று அது.

டுவெய்ன் அந்தக் கோடை முழுதும் அக்காவிடம் பேசவில்லை. தேவாலயத்தில் வேறு வரிசைக்கு மாறி உட்கார்ந்தார். நன்றித் திருநாளுக்கும் வரவில்லை. புதுக் குஞ்சுகள் இறக்கிய மறுநாள் காலையிலிருந்து அவருடைய ஐஸ் பெட்டி மட்டும் ஒரு நாளும் தவறாமல் வந்தது. அதிலிருந்த மாதிரிக் குழாய்களை ஜோலீனே திறந்தார்.

அம்மையாரே, இனி உங்களிடமே பேசுகிறோம்.

பலர் உங்களைக் கல்நெஞ்சம் என்றார்கள். நீங்கள் மறுக்கவில்லை, மறுக்க நேரமும் இருக்கவில்லை. துக்க வீட்டுக்குள் நுழைய எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களில் சிலர் அப்படி நுழைந்தவர்களால்தான் பிழைத்தோம். நுழையாமல் நின்று ஒருவரைக் காக்க முடியும் என்பதை உங்களிடம் பார்த்தோம்.

ஆகவே உங்கள் முன்னிலையில் ஒன்று சொல்கிறோம். நாளைக் காலையும் பெட்டிகள் வரும். அடுத்த ஏப்ரலிலும் வாத்துகள் வந்து இறங்கும். கோடு ஏறினால் உடனே அழைப்போம். சொந்த வீடானாலும் அழைப்போம். நல்ல செய்தி வருமா என்று மூன்றாம் முறை ஓட்டிப் பார்க்கமாட்டோம். பால் பண்ணைகளிலும் கொல்லைக் கோழிகளிலும் மாதிரி எடுக்க நீங்கள் போட்ட திட்டம் கிடப்பில் கிடக்காது, திங்கட்கிழமை தொடங்குகிறோம்.

இன்னும் ஒன்று. போன வாரம் கூடத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. பெயரைச் சொல்லவேண்டாம் என்றார்; குரல் எங்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டது இதுதான்: "லேப்ல வேலை பாத்தவங்க ரிட்டயர் ஆனா, எத்தன நாள் கழிச்சுப் பண்ணைக்குள்ள வரலாம்?"

விதியைப் பார்த்து மூன்று நாள் என்று சொன்னோம்.

"அப்ப ஞாயித்துக்கெழம. காபி போட்டு வைக்கிறேன்னு சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டோம். நோயற்ற உடலோடும் குறையாத கூர்மையோடும் நீங்கள் நூறாண்டு வாழ்க! ஞாயிற்றுக்கிழமைவரை பொறுங்கள்; அதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனாலும் வாசலில் நிறுத்துவோம். உங்கள் பூட்ஸை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
நாளைய பெட்டிகளைத் திறக்கவிருக்கும்
பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்