ஏழாவது காரணம்

செய்திக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. எழுதுகிறவனே அதை இரண்டாம் முறை படிக்க மாட்டான். பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இதை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மேசை மேல் இருக்கும் அந்த மூன்று புகைப்படங்களை அடிக்கடி என் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கவும் வேண்டியிராது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் அலுவலகம். கம்பெனிகளின் பெயரை ஊரறியச் செய்வது எங்கள் பிழைப்பு. போன மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் கேஸ் ஹீட்டர் கம்பெனி முதலாளி வந்தார். குளியலறைச் சுவரில் மாட்டினால் சிலிண்டர் கேஸில் எரிந்து ஒரே நிமிடத்தில் வெந்நீர் கொடுக்குமே, அந்த ஹீட்டர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரிப்பன். கத்தரிக்கோலும் கேமராவும் இருந்தால் மனிதர் மாட்டுத் தொழுவத்தைக்கூடத் திறந்து வைப்பார். புது மாடல் வருகிறது, எல்லாப் பத்திரிகைக்கும் செய்திக்குறிப்பு போக வேண்டும், தன் படம் அரைப்பக்கத்துக்குக் குறையக் கூடாது என்றார். 'பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். அவருடைய பெருமகிழ்ச்சியை வைத்துக்கொண்டு ஊரார் என்ன செய்வார்கள்?

நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். செய்திக்குறிப்பு என்பது கம்பெனி தன்னைப் பற்றித் தானே அடித்துக்கொள்ளும் தம்பட்டம். அதில் தேதி இருக்கும், பெயர் இருக்கும், பொறுப்பேற்க ஓர் ஆள் இருப்பார். மறுநாள் அது பழைய பேப்பர். தகவல் கட்டுரைக்குத் தேதியும் கிடையாது, அப்பன் பெயரும் கிடையாது. ஒருவன் போனை எடுத்து, வெந்நீரில் குளித்தால் முடி கொட்டுமா என்று தட்டுவான். நம் கட்டுரை வந்து நிற்கும், நடுவில் நம் ஹீட்டர் படம் இருக்கும். விளம்பரம் என்றால் உஷாராகிற அதே ஆள் தகவல் என்றால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். ஜனங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அவ்வளவுதான், அது போதுமானதாகவும் இருந்தது.

ரிப்பன் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். கட்டுரைகள் போட்டோம். குளிர் ஆரம்பிப்பதற்குள் கடைகளில் சரக்கு தீர்ந்துவிட்டது. முதல் தயாரிப்பிலேயே ஒன்றை எனக்கு அன்பளிப்பாக அனுப்பினார். என் வாடகை அறையில் அதை மாட்ட இடமில்லை என்று அக்கா வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். அக்காவுக்கு ஒரே பெருமை.

பிறகு ஒரு நாள் மதியம் அந்தக் கம்பெனி இன்ஜினியர் வந்தார். ரிப்பனும் கூட இருந்தார். இன்ஜினியர் பயந்த சுபாவம். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

"புகைபோக்கி சேர்ற இடத்துல வளையம் சின்னதாப் போயிடுச்சு சார். ஜன்னல் சாத்தியிருந்தா புகை ரூமுக்குள்ளயே தங்குது. வாசனையே தெரியாது. முதல்ல தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். ரெண்டு வீட்ல விழுந்திருக்காங்க. இன்னும் யாரும் சாகல, அது நம்ம நல்ல நேரம்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவரே தட்டச்சு செய்த செய்திக்குறிப்பு. நான்கு வரி. மாடல் எண், ஜன்னலைத் திறந்து வைத்துக் குளியுங்கள், எங்கள் ஆள் வீட்டுக்கே வந்து இலவசமாக வளையத்தை மாற்றித் தருவார், வருந்துகிறோம். குறை சொல்வதற்கில்லை, சுத்தமான எழுத்து. எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்கும் அப்படி நாலு வரியில் ஒரு விஷயத்தைச் சொல்ல வராது.

ரிப்பன் என் முகத்தைப் பார்த்தார். அவர் அப்போது எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருந்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நான் தலையாட்டியிருந்தால் அந்தத் தாள் அன்றே பத்திரிகைக்குப் போயிருக்கும்.

"சார், இதுவரைக்கும் நீங்க அனுப்பச் சொன்ன எதையும் ஊர்ல ஒருத்தரும் படிக்கல. இதை மட்டும் படிப்பாங்க. சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கணுமான்னு யோசிங்க" என்றேன்.

அவர் யோசித்தார். யோசிப்பதற்கு அவரிடம் அதிகம் இல்லாததால் சீக்கிரமே முடிந்துவிட்டது. அப்போ கட்டுரையே போடுங்க என்றார்.

மறுநாள் காலை நான் எழுதியதுதான் நீங்கள் அச்செடுத்து வைத்திருப்பது. 'குளித்ததும் தலை சுற்றுகிறதா? பயப்பட வேண்டாம், ஏழு காரணங்கள்.' வெறும் வயிறு, தூக்கக் குறைவு, ரத்தச் சோகை, அதிகச் சூடான நீர், சட்டென்று எழுந்திருப்பது, குறைந்த ரத்த அழுத்தம். இதில் எது பொய்? எந்த டாக்டரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏழாவதாக, குளியலறையில் காற்றோட்டம் இருப்பது நல்லது என்றும் எழுதினேன். அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா தெரியவில்லை. எழுதினேன்.

நூறு பேர் ஒரு கட்டுரையைத் திறந்தால் அறுபது பேர் மூன்றாவது காரணத்தோடு கிளம்பிவிடுவார்கள். யார் எந்த வரி வரைக்கும் இறங்கினார்கள் என்று கம்ப்யூட்டர் எங்களுக்குக் கணக்குக் காட்டும். ஏழாவது வரை வருகிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் அதை அங்கே வைத்தேன் என்கிறீர்கள். ஆமாம், அதனால்தான். பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். சாப்பிடுகிறவன் பாதியில் எழுந்து போகிறவனாக இருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை.

முதல் படத்தில் இருக்கும் வாத்தியார் விஷயம் பத்திரிகையில் குளியலறையில் மாரடைப்பு என்று வந்தது. இரண்டாவது அம்மாளுக்கும் அப்படித்தான் ஏதோ எழுதினார்கள். ஊரே மாரடைப்பு என்று சொல்லும்போது நான் மட்டும் குறுக்கே விழுந்து இல்லையென்று சொல்வானேன்? அவர்கள் இருவரையும் எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காக மனம் உடைந்ததாகக் காட்டிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய இரங்கல் செய்திகளையும் நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

ஆபத்து எனக்கு நிஜமாகவே தெரியுமா என்று காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்கிறீர்கள். தெரியும். இன்ஜினியர் வந்துபோன அன்று சாயங்காலமே நான் ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பிளம்பரையும் கையோடு அழைத்துப் போனேன். என் தடுமாற்றமெல்லாம் அந்தப் படியேறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"நல்லா எரியறதை ஏண்டா கழட்டற? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அக்கா.

"இது புது மாடல்க்கா. பழசைக் காயலான் கடையில போட்டுடலாம்."

"போடா, வந்து ரெண்டு மாசம் ஆகல. கீழ் வீட்டுத் தையல்காரம்மா தினமும் அண்டாவுல வெந்நி வெச்சுத் தூக்கிட்டு நடக்கறா. பாவம், அவங்களுக்குக் குடுத்துடலாம்."

வேண்டாமென்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அக்கா ஏன் என்று கேட்டாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லியிருந்தால், இதே ஹீட்டர் இருக்கிற மற்ற வீடுகளைப் பற்றியும் அவள் கேட்டிருப்பாள். என்னை வளர்த்தவள் அவள். அவள் முகத்தில் வரக்கூடிய அந்தப் பார்வை எனக்குத் தேவையில்லை என்று தோன்றியது. ஹீட்டரை நானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பிளம்பர் மாட்டினார். தையல்காரம்மா கண்கலங்கி, எனக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துத் தருவதாகச் சொன்னார். அளவும் எடுத்தார்.

மூன்றாவது படம் அவருடைய மகள். மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, எறும்பு எழுத்தில் ஒரு தாள், அதைக்கூடக் கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் ஆட்களுக்கு மருந்து கொடுப்பாளாம். இப்படியும் ஒரு பிறவி இருக்கும் என்று எங்கள் கணக்கு எனக்குக் காட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அக்கா வீட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். அக்காவும் வழியனுப்பக் கூடவே இறங்கினாள். அந்தப் பெண் வாசலில் போனும் கையுமாக நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம். ஒரு வாரமா குளிச்சா தலை சுத்துது. நீங்க எழுதினதுன்னு உங்க அக்காதான் இந்தக் கட்டுரையை அனுப்பினாங்க. ஆறு காரணமும் பார்த்துட்டேன், எனக்கு எதுவுமே பொருந்தல. சாப்பிட்டுட்டுத்தான் குளிக்கறேன், ரத்தமும் டெஸ்ட் பண்ணிட்டேன். கடைசியில காற்றோட்டம்னு ஒண்ணு போட்டிருக்கு. எங்க பாத்ரூம் ஜன்னலை நாங்க திறக்கறதே இல்ல. ஒருவேளை ஹீட்டராலயா இருக்குமா?"

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பதினாறு வருடத்தில் நான் எழுதியதை முழுதாகப் படித்து, சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள். அதைப் போய் இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று, "ஏண்டா, அதனாலதான் எங்க வீட்டுல கழட்டினியா?" என்றாள். சிரித்துக்கொண்டே, விளையாட்டாகத்தான் கேட்டாள்.

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும் என்பது எனக்கும் தெரியும். ஒரு வார்த்தைகூட வேண்டாம், தலையை ஆட்டியிருந்தால் போதும். நீங்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

"சேச்சே, அது கட்டுரைன்னா கடைசியில சும்மா போடறதும்மா, ஒரு முழுமைக்காக. இப்பல்லாம் யாருக்குத்தான் தலை சுத்தல? சத்து மாத்திரை எடுத்துக்கோ" என்றேன்.

அவள் விடவில்லை. "எதுக்கும் நாளையிலேர்ந்து ஜன்னலைத் திறந்து வெச்சுக்கட்டுமா அண்ணா?" என்றாள்.

திறந்து வைத்து, தலைசுற்றல் நின்றுவிட்டால், அவள் அதை எல்லோரிடமும் சொல்லுவாள். அப்படிப்பட்ட பெண். முதலில் அக்காவிடம் சொல்லுவாள். இது என் மனதில் ஓடியது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் ஒளிக்கவில்லை.

ஜன்னலைத் திறக்காதே என்று சொன்னேன். மூடியே வைத்துக்கொள் என்றேன். அவள் சரிங்கண்ணா என்று உள்ளே போனாள். புதன்கிழமை காலை கதவை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்கள்.

ஆனால் ஐயா, ஒன்றை நீங்கள் போய்ப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். அந்த ஜன்னல் நேரே நடைபாதையைப் பார்த்திருக்கிறது, ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிற இடம். வயசுப் பெண். வாய் நிறைய என்னை அண்ணா என்று கூப்பிட்டவள். அந்த அக்கறையில்தான் மூடச் சொன்னேன்.