ஐந்தாவது துளை

அலுமினியத் தகட்டை அவசரப்பட்டு வளைத்தால் மடிப்பில் வெடித்துவிடும். இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, மரச் சுத்தியலால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு போகவேண்டும். உங்கள் வாப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை, மகள். அதனால்தான் என்னிடம் வந்தார்.

நஜ்முன் நிஸா, போன கிழமை நீங்கள் வீடு தேடி வந்து, வாப்பாவின் பெயரில் விழுந்த பழியைத் துடைக்க ஒரு கடிதம் கேட்டீர்கள். ஒன்பது வருடம் கழித்துக் கேட்டாலும் மரியாதையாகக் கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் நான் பொல்லாதவன் என்று முடிவுகட்டிக்கொண்டு வாசிக்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி வாசித்தால் என் பக்கத்து நியாயமும் விளங்கும்.

எழுபதாம் ஆண்டுக் கடைசியில் உங்கள் வாப்பா ஸெய்னுதீன் மாஸ்டர் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கென்று ஒலிபெருக்கி ஒன்றைத் தானே செய்ய வெளிக்கிட்டார். கண்ணாடி வால்வுகளைப் பூட்டத் தகட்டில் ஒரு பெட்டி வேண்டும்; சேசி என்போம். நான் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் தகட்டு வேலை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. நாலு வால்வுக்கு நாலு துளை என்று கடதாசியில் படம் கீறித் தந்தார். அவர் கீறியது மேல்பக்கம்; நான் தகட்டைக் கவிழ்த்துப் போட்டு அடையாளம் வைத்துவிட்டேன். வலப்பக்கம் விழவேண்டிய முதல் துளை இடப்பக்கம் விழுந்துவிட்டது. பிறகு நிமிர்த்தி வைத்து நாலையும் சரியாக வெட்டினேன். ஆக ஐந்து.

மாஸ்டர் சிரித்தார். "பறவாயில்ல றொபேட்டண்ணன், ஒரு துண்டுத் தகட்ட வெச்சி மூடிருவம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். தேத்தண்ணிக் கடையில், என்னோடு வேலை செய்கிற ஆட்களுக்கு முன்னால், "நம்மட அண்ணனுக்குத் தாராளக் கை. நாலு கேட்டா அஞ்சு தருவார்" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு டொக்யாட்டில் என்னைக் கண்டால் ஐந்து விரலை விரித்துக் காட்டுவார்கள். மாதக்கணக்காக அது ஓயவில்லை.

எழுபத்தொன்று சித்திரையில் தெற்கில் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். இங்கேயும் ஊரடங்கு. மாஸ்டர் வீட்டில் களவாகச் செய்தி அனுப்புகிற கருவி இருக்கிறதென்று யாரோ பொலிசுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தார்கள். அது நானில்லை, மாதா அறிய நானில்லை. வந்தவர்கள் அவரையும் பெட்டியையும் கொண்டுபோனார்கள். மூடியிருந்த துண்டைக் கழற்றினால் உள்ளே வெறும் துளை. இதில் இருந்த சாமானை எங்கே ஒளித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் பிழையாக வெட்டியது என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி சேசியைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் வேலைத்தலத்துக்கே வந்துவிட்டார். "இது நீர் பிழையா வெட்டின ஓட்டையோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். என்னோடு வேலை செய்கிற அஸீம் மூலையில் நின்று ஐந்து விரலை விரித்தான்.

"படத்தில இருந்த மாதிரித்தான் வெட்டினனான், ஐயா. எதுக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றேன்.

அஸீம் கையை மடக்கிக்கொண்டான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் குளிர்ந்ததுதான்.

மறுநாள் மாஸ்டரை வைத்திருந்த இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அவருடைய ஒரு பக்கத்து முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. கதிரையில் நிமிர்ந்து இருக்க ஏலாமல் சரிந்திருந்தார்.

"அண்ணன், எங்க ஒளிச்ச, எங்க ஒளிச்ச எண்டு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்க. இல்லாத சாமானுக்கு நான் எங்க போற? ஒரு சொல்லுச் சொல்லுங்க."

அங்கே டொக்யாட் ஆட்கள் ஒருவரும் இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று ஒன்று சொல்லி இன்றைக்கு வேறொன்று சொல்கிறவனை யார் மனிதனாக மதிப்பார்கள்? யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"எனக்குப் பிழைத் துளை விழுறதில்லை."

மாஸ்டர் ஏசவில்லை. எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தவர் போல இன்னொரு தரம் "அண்ணன்" என்றார். அதிகாரி எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி மக்டலின் வாசலிலேயே மறித்தாள். "உங்கட கைப்பிழையெண்டு சொன்னீங்களோ?"

"ஓம், சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

அவள் ஆண்டவருக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினாள். மூன்றாம் நாள் மாஸ்டரின் மையித்தை உங்கள் வீட்டில் ஒப்படைத்தார்கள். இதயம் நின்றுவிட்டதென்று எழுதியிருந்ததாம். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிவாசல் வெளியில் கடைசிவரை நின்றேன். உங்கள் உம்மா மைமூனாவிடம் கேட்டுப் பாருங்கள், கேள்விப்பட்டிருப்பா.

நான் அவரில் கை வைக்கவில்லை. அடித்தவர்கள் வேறு ஆட்கள். எண்டாலும் நீங்கள் கேட்டதை எழுதித்தான் ஆகவேண்டும். ஐந்தாவது துளை என் கைப்பிழை. ஸெய்னுதீன் மாஸ்டர் ஒளித்தது ஒன்றுமில்லை. அது எனக்கு இரண்டு தரமும் தெரியும். தெரிந்துகொண்டே அவரைச் சாகக் கொடுத்தேன்.

கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன். கல்விக் கந்தோரில் அதிகாரிகளுக்குக் காட்டுங்கள், பள்ளிவாசலில் வாசியுங்கள், பேப்பருக்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. டொக்யாட்டுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம், மகள். வாற மாதம் அங்கே எனக்குப் பிரியாவிடை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தகட்டையும் பழுதாக்காதவர் என்று வாழ்த்துமடல் அச்சடித்துவிட்டார்கள்.