கட்டைவிரல் மட்டும் தெரிந்த படம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, சார். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருபத்திரண்டு வருடமாகக் குடித்ததற்கு இது தேவலை.

நான் லேப் டெக்னீஷியன் பிரகாசம். ஓசூர் கம்பெனிகளில் கையை வெட்டிக்கொண்டு வருகிறவர்களின் சீழிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை வட்டத் தட்டில் வளர்ப்பேன். அதன்மேல் மருந்து தோய்த்த பொட்டுக் காகிதங்களை வைப்பேன். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வளையம் விழும். லினசோலிட் என்று ஒரு மருந்து, கடைசிக் கையிருப்பு மாதிரி. ஒருநாள் அதற்கு வளையம் விழவில்லை. அப்படிப்பட்ட கிருமிகளை மூன்று வருடம் சேர்த்துப் பெங்களூருக்கு அனுப்பினேன். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று பதில் வந்தது. அவ்வளவுதான், மருந்து செல்லாக்காசு.

லேப் தலைவர் டாக்டர் பாஸ்கரன் அதைப் பெங்களூர் நட்சத்திர ஓட்டல் மாநாட்டில் வாசித்தார். நானும் போனேன். என் மனைவி எவாஞ்சலின் பட்டுப்புடவையில் வந்தாள்.

"ஏங்க, உங்க பேரு எப்ப வரும்?"

"நன்றி சொல்றப்ப வரும், இரு."

நன்றியில் மைக்செட்காரர் பெயர்கூட வந்தது. திரையில் தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும் என்னுடையது. ஓசூர் திரும்பும் பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது அவள் சொன்னாள். "படத்துல உங்க நகம் அழுக்கா இருந்துச்சுங்க."

டாக்டர் தட்டுகளைப் பார்ப்பதில்லை. "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்யா" என்று கையெழுத்துப் போடுவார். பெரிய மனது.

போன மாதம், அவர் முழங்காலில் ஆபரேஷன் நடந்த இடத்தில் சீழ் வைத்தது. அந்தத் தட்டில் லினசோலிட்டுக்கு வளையம் இல்லை. இன்னொரு மருந்துக்கு அழகாக விழுந்திருந்தது. ரிப்போர்ட்டில் இரண்டையும் மாற்றி எழுதினேன். தட்டையும் கையோடு எடுத்துப்போனேன்.

"பாக்கறீங்களா சார்?"

"நீ பாத்துட்டியில்ல?"

"பாத்துட்டேன் சார்."

படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். அவருக்கு நான் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆறு நாள் லினசோலிட் ஏறியது. காய்ச்சல் இறங்காததால் ரத்தத்தையும் சோதிக்க அனுப்பினார்கள், என்னிடம்தான். மறுபடியும் அதையே எழுதினேன். ஏழாம் நாள் போய்விட்டார்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது.

அவர் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைப் பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறேன். படிவத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இந்தத் தடவை என் பெயர் இருக்கிறது. பதில் வந்தால் எவாஞ்சலினிடம் காட்டுங்கள். சந்தோஷப்படுவாள்.