நாளைக்குப் பாத்துக்கலாம்

தம்பி: கையை விடுக்கா, அவங்க வீடு வந்தாச்சு. நான் இறங்கறேன்.

அக்கா: முதல்ல கார் கதவைச் சாத்து. தெருவே நம்மளைத்தான் பாக்குது.

தம்பி: பாக்கட்டும். நீ ஏன் கூடவே ஓடி வந்து ஏறிக்கிட்டே? நான் கூப்பிட்டேனா?

அக்கா: பதினோரு நாள் பொறுத்தவன், இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்தா குறைஞ்சா போயிடுவே? புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பொண்ணு முன்னால போய் நின்னு என்ன சொல்லப் போறே? எங்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டு.

தம்பி: என்னத்தச் சொல்றது... "என்னை மன்னிச்சிடும்மா"ன்னு சொல்லப் போறேன்.

அக்கா: கூடாது.

தம்பி: ஏன் கூடாது?

அக்கா: மன்னிப்புன்னா அடுத்த கேள்வி "எதுக்கு?"ன்னு வரும். பதில் வெச்சிருக்கியா? கிடையாதுல்ல, அதான். "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்"னு சொல்லு. அதோட நிறுத்திக்கோ. அவங்க பேசாம இருந்தா நீயும் பேசாம இரு. எதிர்ல இருக்கறவங்க சும்மா இருக்காங்களேன்னு நாம வாயைத் திறந்தோம், தொலைஞ்சோம். இருபத்தாறு வருஷம் வெளிநாட்டு எம்பசியில வேலை பாத்தவ நான்...

தம்பி: ஆரம்பிச்சிட்டியா? வீட்ல சர்க்கரை தீர்ந்ததைக்கூட நீ நேரா சொன்னது கிடையாது. "சர்க்கரை நிலவரம் கவலை அளிக்குது"ன்னு அத்தான்கிட்ட அறிக்கை விடுவே. பாவம் அந்த மனுஷன், கடைக்குப் போகணுமா வேண்டாமான்னு தெரியாம முழிப்பாரு.

அக்கா: சிரிக்காதே. அந்தப் பேச்சுதான்டா உன் லிஃப்ட் கம்பெனியைக் காப்பாத்தியிருக்கு. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மெக்கானிக் செத்துட்டான்னு அன்னிக்கு எல்லா டிவியிலயும் ஓடுது, வாசல்ல பத்து மைக். நீ வாய்க்கு வந்தபடி உளறியிருந்தா நூத்தி நாப்பது பேர் இன்னிக்கு வேலையில்லாம நிப்பாங்க. நான் எழுதிக் கொடுத்த மூணு வரியைப் படிச்சே. ரெண்டே நாள்ல அடங்குச்சா இல்லையா?

தம்பி: அடங்குச்சு. அந்த மூணாவது வரிதான் எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது. "பாதுகாப்பு விதிகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பது விசாரிக்கப்பட்டு வருகிறது." கேட்டவன் எல்லாம் என்ன நினைச்சான்? செத்துப் போன நம்ம ஸ்பேனர்தான் ஏதோ அஜாக்கிரதையா இருந்துட்டான்னு.

அக்கா: நாம அப்படி ஒரு வார்த்தை சொல்லலையே.

தம்பி: சொல்லலை. ஊரைச் சொல்ல வெச்சோம். அவனுக்கு ஸ்பேனர்னு பேர் வெச்சதே நான்தான்க்கா. கம்பெனின்னா ரெண்டு பேர்தான் அப்போ, நானும் அவனும். கடைசி வரைக்கும் என்னை முதலாளின்னு கூப்பிட்டதில்லை. அண்ணாதான்.

அக்கா: தெரியும்டா. நானும் அவன் கல்யாணத்துக்கு வந்தவதானே.

தம்பி: வந்துட்டுதான் அவன் வீட்டுக்கு அந்தத் தாளை அனுப்பச் சொன்னியா?

அக்கா: அதை இப்போ எடுக்காதே.

தம்பி: எடுப்பேன். கம்பெனி பேர் கிடையாது, தேதி கிடையாது, கையெழுத்து கிடையாது. நாலே வரி டைப் அடிச்சு ஒட்டாத கவர்ல.

அக்கா: எம்பசியில அது வழக்கம். ரெண்டு பக்கமும் மனசுல இருக்கறதைச் சொல்லிக்கலாம். ஒத்துவரலைன்னா அப்படி ஒரு தாளே இல்லைன்னு விட்டுடலாம். யாருக்கும் மானம் போகாது.

தம்பி: இங்க ஸ்பேனர் பொண்டாட்டியோட தம்பி அதை மொட்டைக் கடுதாசின்னு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு ஓடினான்! "பேசித் தீர்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது"ன்னு இருந்தா, மிரட்டல்னு நினைக்காம கல்யாணப் பத்திரிகைன்னா நினைப்பான்?

அக்கா: ...அது என் தப்புதான். அங்க எதிர்ல உக்காந்திருக்கறவனுக்கும் அந்த ஆட்டம் தெரியும். அடுத்த மாசம் அதே மேஜையில திரும்பப் பாத்துக்குவோம். இவங்களுக்கு அது புரியாதுன்னு எனக்கு உறைக்கலை.

தம்பி: அடேங்கப்பா! "என் தப்பு"ன்னு சொல்லிட்டியே. வாய் சுளுக்கிக்கலையே?

அக்கா: நல்லா கிண்டல் பண்ணு. வீட்டுக்குத் திரும்பிப் போலாமா இப்போ? வண்டியை எடு.

தம்பி: அக்கா... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

அக்கா: வேண்டாம்.

தம்பி: கேளேன்...

அக்கா: சொல்லாதேன்னா சொல்லாதே. நீ சொல்லிட்டா நான் கேட்டவளாயிடுவேன். நாளைக்கு விசாரணையில என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க.

தம்பி: அன்னிக்கு மத்தியானம் ஸ்பேனர் எனக்குப் போன் பண்ணான்.

அக்கா: டேய்...

தம்பி: "அண்ணா, பிரேக் ரொம்பத் தேஞ்சு போயிருக்கு, லிஃப்டை நிறுத்தி வெச்சு மாத்திடலாம்"னான். சாயங்காலம் அங்க புது வார்டு திறக்கறாங்க. லிஃப்ட் நின்னா ஒப்பந்தம் போயிடும்னு எனக்குப் பயம். "இன்னிக்கு எப்படியாவது ஓட்டு, நாளைக்குப் பாத்துக்கலாம்"னேன். "சரிண்ணா"ன்னான். அவ்வளவுதான். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. லிஃப்ட் கூண்டு மேல ஏறி நின்னு, உச்சியில இருக்கற அந்தப் பிரேக்கையே தட்டிக் கொட்டிச் சரி பண்ணிக்கிட்டிருந்திருக்கான். பிரேக் விட்டுப் போச்சுன்னா காலி லிஃப்ட் கீழ விழாதுக்கா. எதிர்ப்பக்கத்து எடை இழுத்து மேல ஏறும். மேல... கூரைதான் இருக்கு.

அக்கா: தெரியும்.

தம்பி: என்ன தெரியும்?

அக்கா: அவன் போன் பண்ணினது. முதல் நாளே உன் போனை வாங்கி வெச்சுக்கிட்டேனே, பத்திரிகைக்காரங்க கூப்பிட்டா நான் பேசிக்கறேன்னு. அப்பவே பாத்துட்டேன். மத்தியானம் ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு. எதிராளி என்ன மறைக்கறான்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல நம்ம ஆள் என்ன மறைக்கறான்னு தெரிஞ்சுக்கணும்.

தம்பி: தெரிஞ்சுமா அந்த மூணாவது வரியை எழுதினே?

அக்கா: தெரிஞ்சதாலதான் எழுதினேன்.

தம்பி: ...உனக்குத் தூக்கம் வருதாக்கா?

அக்கா: அது போய் ஒன்பது வருஷம் ஆச்சு.

தம்பி: என்ன சொல்றே?

அக்கா: நான் இருந்த ஒரு ஊர்ல கலவரம். அங்க குடியிருந்த நம்ம ஜனங்க எம்பசிக்குப் போன் மேல போன் போடறாங்க, ஊரைவிட்டுக் கிளம்பிடலாமான்னு. கிளம்புங்கன்னு நாம சொன்னா அந்த அரசாங்கம் முகத்தைத் தூக்கிக்கும். நான் ஒரு அறிக்கை எழுதினேன். "பதற்றப்படத் தேவையில்லை. நிலைமை கூர்ந்து கவனிக்கப்படுகிறது." மேலதிகாரி என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார், பிரமாதம்னு. அதை நம்பி ஒரு குடும்பம் வீட்டுக்குள்ளயே இருந்துடுச்சு. நாலு பேர். ஒருத்தரும் மிஞ்சலை.

தம்பி: ஐயோ...

அக்கா: அந்த வீட்டம்மாவோட அண்ணன் வந்து என் மேஜை முன்னால நின்னான். "யார் எழுதினது இதை?"ன்னான். "துறை வெளியிட்டது"ன்னேன். அவன் நன்றி சொல்லிட்டுப் போனான்டா. எனக்கு நன்றி.

தம்பி: இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?

அக்கா: யார்கிட்டயும் சொல்லலை. உங்க அத்தானுக்கும் தெரியாது.

தம்பி: இவ்வளவு பட்டுட்டு, என்னையும் அதே பள்ளத்துல தள்றியே. இது நியாயமா?

அக்கா: எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுடா! வேற எதையும் நான் கத்துக்கலை. அம்மா போனப்போ உனக்கு ஆறு வயசு. அன்னிலேர்ந்து உனக்கு ஒண்ணு வந்தா நான் குறுக்க நின்னுதான் பழக்கம். நீ ஜெயில்ல உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியாது.

தம்பி: நான் இறங்கறேன்.

அக்கா: இன்னிக்கு வேண்டாம்டா. நாளைக்கு...

தம்பி: நாளைக்குன்னு சொல்லித்தான் அவனைக் கொன்னேன்.

அக்கா: டேய், நில்லு... அங்க போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நான் உங்கிட்ட...

தம்பி: உன் எம்பசிப் பேச்சு போதும்க்கா. நீ கார்லயே இரு.

*

மெக்கானிக்கின் மனைவி: யாரு? ...அண்ணா! வாங்க, வாங்க. நாற்காலில துணி கிடக்கு, இருங்க எடுத்துடறேன். அக்கா வரலையா?

தம்பி: கீழ இருக்காங்க. நான் உக்கார வரலைம்மா. நின்னுக்கிட்டே சொல்லிடறேன், உக்காந்தா தைரியம் போயிடும்.

மனைவி: என்னண்ணா? எதுக்குத் தைரியம் வேணும்?

தம்பி: அவன் மேல தப்பே இல்லைம்மா. அன்னிக்கு மத்தியானமே போன் பண்ணிச் சொன்னான், பிரேக் சரியில்லை, லிஃப்டை நிறுத்தணும்னு. நான்தான் ஓட்டச் சொன்னேன். விசாரணையிலயும் இதையே சொல்லிடப் போறேன். மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேக்கறேன். திட்டு. செருப்பால அடி, வாங்கிக்கறேன்.

மனைவி: ...நிறுத்தணும்னு சொன்னாரா?

தம்பி: சொன்னான்.

மனைவி: இதைக் காலைலயே வந்து சொல்லக் கூடாதாண்ணா?

தம்பி: ஏம்மா... காலைல என்ன?

மனைவி: உங்க அக்கா வந்தாங்க. அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சவங்க, இந்தத் தரையில உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நீங்க சோறு தண்ணி இல்லாம கிடக்கறதா சொன்னாங்க. கம்பெனி மூடிட்டா அவரோட கூட்டாளிங்க எல்லாரும் தெருவுக்கு வந்துடுவாங்கன்னாங்க. அவரு உங்க மேல உசிரையே வெச்சிருந்தாரேன்னுதான்... "என் வீட்டுக்காரர் அவசரப்பட்டு, விதியை மீறி லிஃப்ட் மேல ஏறிட்டாரு"ன்னு அவங்க சொல்லச் சொல்ல என் கையாலயே எழுதிக் கொடுத்துட்டேண்ணா. அப்பா அப்படிச் செய்யவே மாட்டாருன்னு என் பொண்ணு கத்தினா. அவளைக் கன்னத்துல அறைஞ்சு உள்ள அனுப்பிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.