ஆலாத்தித் தட்டம்

— தட்டத்தைக் கீழ வையன், வனஜா. சொன்னால் கேள்.

— ஏன் வைக்கோணும்? இப்பதான் வாழைப்பழத்தை வட்டம் வட்டமா வெட்டி, திரியை எண்ணெயில தோய்ச்சுக் குத்தி நிமித்தியிருக்கிறன். உந்த அல்டிக் கடை வாழைப்பழம் படுத்துற பாட்டைப் பார், அன்ரனிற்றா. ஒரு திரியை நிமித்த மற்றது படுக்குது.

— இந்த முறை ஆலாத்தி நீ எடுக்கத் தேவையில்லையாம்.

— ஆர் சொன்னது?

— மண்டபத்தைப் பாக்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்து கத்திப்போட்டுப் போறான். மண்டபத்தில நெருப்பு ஏலாதாம். அலாரம் அடிச்சால் கெல்சென்கிர்ச்சன் ரவுண் முழுக்க வந்து நிக்குமாம்.

— நெருப்பு ஏலாதெண்டால் புதுசாக் கலியாணம் கட்டின லக்சிகா ஏன் வாசலில கூறைச்சேலையோட நிக்கிறாள், கண்மணி அக்காவுக்குப் பக்கத்தில? வருஷா வருஷம் அந்த இடத்தில நிக்கிறது நான். தட்டத்தின்ர ஒரு பக்கம் கண்மணி அக்கா, மற்றப் பக்கம் நான். அவள் பிடிச்சால் நெருப்புக் குளிருமோ?

— மாதாவே, உன்னோட கதைச்சு வெல்ல ஏலாது.

— இஞ்ச, என்னைப் பார். பொய் சொன்னால் உனக்கு மூக்கு நுனி சிவக்கும். அகதி ஹைம் விடுதியில ஒரே அறையில படுத்தெழும்பின காலத்தில இருந்து பாக்கிறன்.

— அது வெங்காயம் வெட்டினதில.

— வெங்காயம் நேற்றே வெட்டியாச்சு.

— சரி, உள்ளதைச் சொல்லுறன். ரோல்ஸ் பொரிக்க ஆளில்லை. அந்த ஜெர்மன் எம்.பி. மனுசி தன்ர ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறாவாம். நீ பொரிச்சால்தான் ரோல்ஸ் வெடிக்காது. அதுதான் உன்னைக் குசினியில நிக்கட்டாம்.

— ரோல்ஸ் எல்லாம் பொரிச்சு அடுக்கி வெள்ளித்தாளால மூடியிருக்கு. மூடினது நீ.

— அது காணாது.

— காணும். மிஞ்சும். நீ என்னடி இண்டைக்கு இப்பிடிச் சுத்திச் சுத்திக் கதைக்கிறாய்? மாதர் குழுத் தலைவி சரளா அக்காவுக்கு என்னில கோவமோ? போன கூட்டத்தில, அங்க வன்னியில சனம் செத்துக்கொண்டிருக்குது, இந்த முறை மகளிர் நாளுக்கு ஆலாத்தியும் வேணாம், சோடனையும் வேணாம் எண்டு நான் சொன்னதுக்கோ?

— இல்லையடி. அதுக்கில்லை.

— அதுக்கெண்டால் நேர சொல்லட்டும். அவதானே எழும்பி நிண்டு சொன்னவ, பாராளுமன்றத்தில இருந்து ஒரு பெம்பிளை வாறா, போரை நிப்பாட்டச் சொல்லிக் கையெழுத்து வைக்கப்போறா, அவவை எங்கட பண்பாட்டோட வரவேற்கிறது தாயகப் பண்பாட்டுக் கழகத்தின்ர மாதர் துணைக்குழுவுக்குக் கடமை எண்டு. சரியெண்டு நானும் ஒத்துக்கொண்டனான். காலமை வந்து கதிரை அடுக்கினன், பானர் கட்டினன், கக்கூசும் கழுவினன். பேந்து என்ன குறை?

— உனக்கு அலுப்பாயிருக்கும். இரு, தேத்தண்ணி போடுறன்.

— எனக்குத் தேத்தண்ணி வேணாம். காலமை விமலநாதன் அண்ணை என்ர வீட்டு வாசலில காரைக் கொண்டுவந்து நிப்பாட்டினவர். கழகத் தலைவர் எனக்குக் கார் ஓடுறார். மற்ற நாளெண்டால், ட்ராம் ஓடுதுதானே பிள்ளை எண்டு சொல்லுற மனுசன். வழி முழுக்க ஒரு கதை இல்லை. ரேடியோவில செய்தி தொடங்க, டக்கெண்டு நிப்பாட்டிப்போட்டார்.

— பாவமெண்டு ஏத்தியிருப்பார்.

— என்ன பாவம்?

— சும்மா சொன்னனான். வாயில வந்தது.

— என்ன பாவமெண்டு கேட்டனான்.

— நீ தனியா இருக்கிறாய். வேலை, வீடு எண்டு. அதைச் சொன்னனான்.

— தனியா இருக்கிறது இண்டைக்கோ தொடங்கினது? அன்ரனிற்றா, ஒண்டு சொல்லட்டே. இண்டைக்கு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்ல.

— என்ன கேக்கேல்ல?

— என்ர மனுசனைப் பற்றி. ஆரூரன் அண்ணையின்ர செய்தி ஏதும் வந்ததோ எண்டு. ஞாயிற்றுக்கிழமையில இந்தக் குசினிக்குள்ள கால் வைக்கமுந்தியே கேப்பினம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? இண்டைக்கு வாசலில இருந்து இஞ்ச மட்டும் வந்தன். ஒரு சனம் கேக்கேல்ல. கண்மணி அக்கா மட்டும் ஓடிவந்து கட்டிப்பிடிச்சா. அவ ஆரையும் கட்டிப்பிடிக்கிற ஆளே?

— கண்டதையும் நினைச்சு மனசைக் குழப்பாதை.

— குழம்பாமல் என்ன செய்ய? சுனாமிக்குப் பிறகு கழகத்தின்ர சிறுவர் இல்லத்துக்கு ஜெனரேற்றர் பூட்ட ஆள் வேணுமெண்டு சொல்ல, கையை உயத்தினவர் இவர். ரெண்டு தரம் போட்டு வந்தார். மூண்டாம் தரம் போக, ஆமி வன்னிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள், இவர் உள்ளுக்க. அவ்வளவுதான். வேலையிடத்தில அந்த போலந்துக்காரி கேக்கிறாள், உனக்கு உண்மையா மனுசன் இருக்கிறானோ, இல்லாட்டி கதை விடுறியோ எண்டு. சிரிச்சுக்கொண்டு கேக்கிறாள்.

— அவளுக்கு என்ன தெரியும்? விடு.

— உனக்கு இந்தத் தட்டத்தின்ர அருமை தெரியாது. புருசன் இருக்கிறவள்தான் இதைப் பிடிக்கலாம். வருஷத்தில ஒரு நாள் இதைப் பிடிச்சுக்கொண்டு வாசலில நிக்கேக்கை, மண்டபம் முழுக்க என்னைப் பாக்கும். பாக்கிற எல்லாருக்கும் தெரியும், இவளின்ர மனுசன் எங்கயோ ஒரு மூலையில இருக்கிறார் எண்டு. எனக்கும் அப்பதான் நெஞ்சு கொஞ்சம் ஆறும். வேற என்ன இருக்கு என்னட்டை, சொல்லு பாப்பம்? ஒரு கடிதமும் இல்லை, குரலும் இல்லை.

— ஐயோ, நான் ஏன் இதுக்குள்ள வந்தன். நீ போ, அன்ரனிற்றா, நீ வேதக்காரி, நீ சொன்னால் அவளுக்கு ஒண்டும் தோணாது எண்டு என்னைத் தள்ளிவிட்டிட்டினம்.

— ஆர் தள்ளினது?

— சரளா அக்காதான்.

— வேதக்காரி சொன்னால் என்ன தோணாதாம்?

— எனக்குத் தெரியாது.

— உங்கட கலியாணத்திலயும் ஆலாத்தி எடுக்கிறது. உன்ர கலியாணத்துக்கு எடுத்ததும் நான். ஆரை எடுக்கவேணாம் எண்டு மறிக்கிறது, உனக்குத் தெரியாதோ?

— வனஜா, என்னட்டைக் கேக்காதை. மாதா ஆணை, என்னட்டை மட்டும் கேக்காதை.

— மூக்குச் சிவக்கேல்ல. இப்பதான் நீ உண்மை கதைக்கிறாய்.

— அன்ரனிற்றா! தட்டம் எடுக்கப் போனவளுக்கு இவ்வளவு நேரமோ? விருந்தினர் ஸ்டேசனடிக்கு வந்திட்டாவாம். லக்சிகா வெறுங்கையோட நிக்கிறா.

— நல்லதாப் போச்சு, வாங்கோ சரளா அக்கா. உங்களிட்டையே கேக்கிறன். நான் ஏன் ஆலாத்தி எடுக்கக்கூடாது?

— பிள்ளை, நீர் கோவிக்கக்கூடாது. இளையாக்களுக்கும் இடம் விடோணும், விளங்குதோ? அடுத்த தலைமுறையின்ர கையில எங்கட பண்பாட்டை ஒப்படைக்கிறது ஒரு வரலாற்றுக் கடமை.

— கண்மணி அக்காவுக்கு என்னைவிட வயசு கூட. அவ எந்தத் தலைமுறை?

— விளங்காமல் கதைக்காதேயும். தட்டத்தைத் தாரும்.

— தாறன். முதல் ஒண்டு சொல்லுங்கோ. வியாழக்கிழமை வீட்டை வந்து எங்கட கலியாணப் படம் ஒண்டு வேணுமெண்டு வாங்கிக்கொண்டு போனனீங்கள். மகளிர் நாள் மலரில போட எண்டு.

— ஓம், மலருக்குத்தான்.

— மலர் போன மாசமே அச்சடிச்சு வந்திட்டுது, அக்கா. அதை ஒவ்வொண்டா மடிச்சுப் பெட்டியில அடுக்கினது நான்.

— அப்ப... அது மேடைக்கு. கண்காட்சி மாதிரி ஒண்டு.

— மேடையில பெரிய படம் மாதிரி ஒண்டு வெள்ளைத் துணியால மூடிச் சாத்தியிருக்கு. நான் தூசி தட்டத் துணியைத் தூக்கப்போக, விமலநாதன் அண்ணை ஓடிவந்து கையைப் பிடிச்சவர். அந்த மனுசன் ஓடி நான் ஒரு நாளும் கண்டதில்லை.

— அன்ரனிற்றா, நீ என்னத்தைச் சொல்லி வைச்சனீ இவவுக்கு?

— நான் ஒண்டும் சொல்லேல்ல அக்கா. தட்டத்தை வை எண்டது மட்டும்தான். அதே சொல்லிப்போட்டுது போல.

— போன வருஷம் இதே மேடையில நீங்கள் பேசினது எனக்குப் பாடம், அக்கா. பொட்டழிக்கிறதும் மூலைக்குள்ள இருத்துறதும் எங்கட சனம் கொளுத்திப்போட்ட குப்பை, இனி எங்கட மொழியில விதவை எண்ட சொல்லே இல்லை எண்டனீங்கள். முதல் கை தட்டினது நான்தான். நல்லா வலிக்க வலிக்கத் தட்டினனான்.

— இப்பவும் அதைத்தான் சொல்லுவன். ஆர் கேட்டாலும் சொல்லுவன்.

— அப்ப தட்டத்தைப் பிடிக்க விடுங்கோ.

— அது வேற, பிள்ளை.

— எப்பிடி வேற?

— மேடையில கதைக்கிறது வேற. வாசல் வேற. நான் என்ன மரக்கட்டையோ? என்ர தங்கச்சி நிருபமாவும் பிள்ளையளும் அங்க பங்கருக்குள்ள கிடக்குதுகள். எனக்கு நித்திரையே இல்லை. வாற மனுசி வைக்கிற கையெழுத்தால ஒரு நாள் எண்டாலும் ஷெல் அடிக்கிறது நிக்காதோ எண்டு கிடந்து வேகிறன். உந்தச் சகுனம் எல்லாம் பொய்யெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பயமாக் கிடக்கு, விளங்குதோ? வாற காரியத்துக்கு ஒரு குறையும் வந்திடக்கூடாது எண்டு.

— என்ர கையால எடுத்தால் போர் நிக்காதோ?

— நான் அப்பிடிச் சொல்லேல்ல.

— நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல, அக்கா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. காரில ஏத்துறீங்கள், கட்டிப்பிடிக்கிறீங்கள், படம் வாங்குறீங்கள். கடைசியில தட்டத்தைப் பறிக்க வேதக்காரியை அனுப்புறீங்கள்.

— சரி, பிழைதான். ஆனால் மறைக்கிறதுக்கு நினைக்கேல்ல. அந்த மனுசி போனபிறகு, எங்கட சனம் மட்டும் இருக்கேக்கை, முறைப்படி, மரியாதையோட செய்வம் எண்டு கமிட்டி முடிவெடுத்தது. நீர்தான் வந்து சுடர் ஏத்தோணும் எண்டு. கழகம் உம்மை ஒரு நாளும் கைவிடாது, பிள்ளை. இது எங்கட இனத்துக்கு நீங்கள் ரெண்டுபேரும் குடுத்த...

— காணும்.

— வனஜா, இந்தா கதிரை. இரு. தட்டத்தை என்னட்டைத் தா, எண்ணெய் ஊத்துப்படுது. அக்கா, இனி என்ன மூடி மறைக்கிறது? நேர சொல்லுங்கோ, பாவம். இல்லாட்டி நான் சொல்லுறன்.

— ஓம். நான்தான் சொல்லோணும். பிள்ளை வனஜா, செவ்வாய்க்கிழமை வன்னியால எங்களுக்கு ஒரு...

— வாயை மூடுங்கோ, அக்கா.

— பிள்ளை...

— ஒரு சொல்லும் வரக்கூடாது உங்கட வாயால. நீயும்தான், அன்ரனிற்றா. அண்டைக்குக் கையை உயத்தச் சொல்லிக் கேட்டனீங்கள், இவர் உயத்தினவர். அதுக்கு இந்த ஒண்டையாவது நான் சொல்லுறபடி செய்யுங்கோ.

— என்னெண்டு சொல்லாமல் இருக்கிறது, வனஜா?

— செவ்வாய்க்கிழமையில இருந்து இருந்தனீங்கள்தானே? அப்பிடியே இருங்கோ.

— அக்கா, கார் வந்திட்டுது. கண்மணி அக்கா கையைக் காட்டுறா.

— பிள்ளை, நில்லும். லக்சிகா எடுக்கட்டும். எனக்காகச் சொல்லேல்ல. உமக்காகத்தான் சொல்லுறன்.

— விழா முடியத்தானே சொல்லுறதெண்டு முடிவெடுத்தனீங்கள்? விழா முடியச் சொல்லுங்கோ. அப்ப நான் விழுந்து குழறுறன். நீங்கள் காட்டுற இடத்தில நிண்டு சுடரும் ஏத்துறன்.

— வனஜா, வேணாமடி. நான் உன்னை வீட்டை கூட்டிக்கொண்டு போறன்.

— இன்னும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. சொல்லுமட்டும் இவர் உயிரோடதான் இருக்கிறார். தட்டத்தைத் தந்திட்டு நெருப்புப்பெட்டியை எடு, அன்ரனிற்றா.