மூணு மணிக்குள்ள நெட்டு வரணும்

சுரேந்திரன்: டார்ச்ச நேராப் பிடிட்டி. என் மூஞ்சியில அடிக்காத, மோடத்துமேல அடி.

சங்கரேஸ்வரி: மோடத்துல எல்லா லைட்டும் பச்சையாத்தான எரியுது. அதுக்கு எதுக்கு டார்ச்சு?

சுரேந்திரன்: பச்சை எரிஞ்சா நெட்டு வந்துருமா? குர்லா சிக்னல்லகூடத்தான் பச்சை எரியுது. வண்டி நகருதா?

சங்கரேஸ்வரி: கேபிள்காரப் பையன் நேத்து வயர இழுத்து வச்சுட்டு, லைன் ஓகேன்னு சொல்லிட்டுத்தான போனான்.

சுரேந்திரன்: யாரு, பேச்சிராஜாவா? அவனுக்குக் கம்ப்யூட்டர்ல மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியுமா? போன வருசம் வரைக்கும் டிவிக்கு வயரு குத்திட்டுத் திரிஞ்ச பய. நேத்து என்ட்ட என்ன கேட்டான் தெரியுமா? "அண்ணாச்சி, இதுல ஸ்டார்ட் பட்டன் எங்கன இருக்கு?" லினக்ஸ்ல வந்து விண்டோஸ் ஸ்டார்ட் பட்டன் தேடுதான், கூறுகெட்டவன்!

சங்கரேஸ்வரி: அவன் முழுசா முடிச்சுட்டுத்தான் போறேன்னான். நீங்கதான், "எம் மெஷின்ல கை வைக்காத, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்"னு விரட்டிவிட்டீங்க.

சுரேந்திரன்: பின்ன? பதினெட்டு வருசமா கடை வச்சிருக்கேன். குர்லாவுல லினக்ஸ்னா யாரு?

சங்கரேஸ்வரி: சுரேந்திரன்.

சுரேந்திரன்: தாராவியில?

சங்கரேஸ்வரி: சுரேந்திரன்தான். அவரு வீட்டு மெஷின்லதான் நெட்டு வரல. மணி ரெண்டாச்சு. மூணு மணிக்கு வாஷி கம்பெனிக்காரங்க இன்டர்வியூவுக்கு வீடியோவுல வந்துருவாங்க.

சுரேந்திரன்: வரட்டுமே... கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும். பெரிய கலெக்டர் உத்தியோகம்!

சங்கரேஸ்வரி: கலெக்டர் உத்தியோகம்னு நான் சொன்னனா? லினக்ஸ் வச்சிருக்கவங்க போன் பண்ணுவாங்க, வீட்டுல இருந்தே வழி சொல்லணும். அவ்வளவுதான்.

சுரேந்திரன்: போன் எடுக்கதுக்கெல்லாம் இன்டர்வியூ! பம்பாய்ல எதுக்குத்தான் இன்டர்வியூ இல்ல!

சங்கரேஸ்வரி: அதே போனத்தான் ஒம்போது வருசமா உங்க கடைக்கு எடுத்துட்டு இருக்கேன். சம்பளம் இல்லாம.

சுரேந்திரன்: நம்ம கடைக்குட்டி. நம்ம கடைக்கு எடுக்க எதுக்குச் சம்பளம்?

சங்கரேஸ்வரி: சரி, நம்ம கடை. அந்த நம்ம கடையில இப்ப வாரத்துக்கு ரெண்டு ஆளு வாறதே பெருசா இருக்கு. கடை ஓனர் வேற, தீவாளிக்குள்ள காலி பண்ணுங்கிறான். நெட்டு எப்ப வரும்னு சொல்லுங்க.

சுரேந்திரன்: பாத்துட்டுத்தான இருக்கேன்! இன்னா பாரு, கறுப்பு ஸ்கிரீன் ஓடுது. இதெல்லாம் உனக்குப் புரியாது.

சங்கரேஸ்வரி: புரியுதே. இதே கமாண்ட நாலாவது தடவ அடிக்கீங்க.

சுரேந்திரன்: ...ஒரு தடவயில கேக்காது. திருப்பித் திருப்பி அடிக்கணும்.

சங்கரேஸ்வரி: ஓ... பிடிவாதம் பிடிக்க மெஷினா?

சுரேந்திரன்: நக்கலா?

சங்கரேஸ்வரி: உங்ககிட்ட நக்கல் பண்ண முடியுமா? மெஷினுக்கு மோடம் தர ஐபி நம்பரே வரலங்குது பாருங்க. மோடம் நம்ம மெஷின்ட்ட பேசவே மாட்டேங்குது. நீங்க மெஷினப் போட்டு அடிச்சா?

சுரேந்திரன்: யாருட்டி உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தா?

சங்கரேஸ்வரி: உங்க கடை போன்தான்... இருங்க இருங்க, அடிக்குது பாருங்க. ஹலோ? சொல்லுங்க ஹாதி பாய். ...ஆமா, அவரு இங்கன மேசைக்கு அடியில இருக்காரு. ...இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்காரு. பிரிண்டரா? லிஸ்ட்ல பிரிண்டர் பேரு ரெண்டு தடவ காட்டுதா? முதல்ல உள்ளத விடுங்க, ரெண்டாவதுல குடுங்க. ...குடுத்தாச்சா? ...வருதுல்ல? சரி பாய். வீட்டுக்காரம்மா சாதியாவக் கேட்டேன்னு சொல்லுங்க.

சுரேந்திரன்: என்ட்டக் குடுத்திருக்கலாம்ல?

சங்கரேஸ்வரி: நீங்க வேலையா இருக்கீங்களே. உங்க லேப்டாப்ப இந்த வயர்ல மாட்டிப் பாத்தா, கோளாறு மெஷின்லயா மோடத்துலயான்னு தெரிஞ்சுரும்ல?

சுரேந்திரன்: லேப்டாப்பு... கடையில கெடக்கு.

சங்கரேஸ்வரி: கடையிலயா?

சுரேந்திரன்: கடையிலதான். இப்ப குர்லாவுக்கு ஓடச் சொல்லுதியா?

சங்கரேஸ்வரி: சொல்லல.

சுரேந்திரன்: மொபைல்ல நெட்டு எடுத்து மாட்டுவோம்னா, அதுவும் ஆகாதாம். என்ன ராங்கி பாரு அவனுகளுக்கு! வயர் லைன்தான் வேணுமாம். லினக்ஸ் மெஷின்லதான் வரணுமாம். செஞ்சு வேற காட்டணுமாம். பொண்ணு பாக்க வாறவன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்.

சங்கரேஸ்வரி: நீங்க கேட்டீங்க.

சுரேந்திரன்: நான் எப்பட்டி கேட்டேன்?

சங்கரேஸ்வரி: நீங்க கேக்கல, உங்க அம்மா கேட்டாங்க. அத விடுங்க. வாசல்ல ஆளு வந்துருக்கு. ஏ பேச்சி, உள்ள வாப்பா.

சுரேந்திரன்: இவன எவன் கூப்பிட்டான்?

சங்கரேஸ்வரி: நான்தான் போன் போட்டேன்.

பேச்சிராஜா: என்ன மைனி, லைன் பந்தா, வேலை செய்யலியா? நேத்து ராத்திரி ஃபர்ஸ்ட் கிளாஸா இருந்துச்சே. அண்ணாச்சி என்ன, மேசைக்கு அடியிலயே குடியிருக்காக?

சுரேந்திரன்: வாங்க இஞ்சினியர் சார். ஸ்டார்ட் பட்டன் கிடைச்சுதா?

பேச்சிராஜா: அட போங்க அண்ணாச்சி. லினக்ஸ் எனக்குத் தெரியாதுதான். அதுக்கென்ன இப்ப? மோடம் தெரியும். லைட்டெல்லாம் சரியா இருக்கு, சிக்னலும் இருக்கு... ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதுல மொதல்ல எந்த மெஷினு மாட்டுனீங்க?

சுரேந்திரன்: இதத்தான். வேற எத மாட்டுவேன்?

பேச்சிராஜா: வேற எதையும் மாட்டலையே? லேப்டாப்பு, கீப்டாப்பு?

சுரேந்திரன்: சொல்லுதேன்ல!

பேச்சிராஜா: கோபப்படாதீங்க. இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. மொதல்ல எந்த மெஷினப் பாக்குதோ, அதோடதான் பேசும். அப்புறம் நீங்க வேற மெஷின மாட்டுனா, நீ யாருன்னு கேக்கும். தாராவியில பாதி கம்ப்ளைன்ட் இதுதான். எங்க பையங்களே சொந்த லேப்டாப்ப மாட்டி செக் பண்ணிட்டு அப்படியே போயிருவானுவ. ஒரு நிமிசம், ஆபீஸ்ல கேக்கேன். ...ஹலோ, யாரு, இசக்கிதுரையா? மேல்மாடி சுரேந்திரன் அண்ணாச்சி லைனப் பாரு... ஆமா... ஹான்... அப்படியா? அண்ணாச்சி, இப்ப பதிஞ்சிருக்கது இந்த மெஷின் இல்லியாம். மத்தியானம் ஒரு மணி பத்துக்கு வேற ஒண்ணு ஏறியிருக்காம். அதுக்கு முன்னால, காலையில பத்து மணிக்கு...

சங்கரேஸ்வரி: பேச்சி, மோர் குடிக்கியா? வெயில்ல வந்துருக்க.

பேச்சிராஜா: இருக்கட்டும் மைனி. அதுக்கு முன்னால...

சங்கரேஸ்வரி: குடிப்பா. உப்பு போட்டுத்தான் வச்சிருக்கேன். அந்தப் பழைய கதையெல்லாம் எதுக்கு, இப்ப என்ன செய்யணும்னு சொல்லு.

பேச்சிராஜா: என்ன செய்யணும்? பெட்டிய அணைச்சு அஞ்சு நிமிசம் சும்மா வச்சா, பழச மறந்துரும். திருப்பிப் போட்டா இந்த மெஷினப் பிடிச்சுக்கிடும். முடிஞ்சுது.

சுரேந்திரன்: ஏல, அதுல கை வைக்காத! அணைச்சா திருப்பி சிக்னல் வர சாயங்காலம் ஆயிரும்.

பேச்சிராஜா: யாரு சொன்னா? எங்க ஆபீஸ்ல நாள் முழுக்க இதுதான வேலை!

சுரேந்திரன்: உங்க ஆபீஸ்ல என்ன வேணா செய்யுங்கடே. இது லினக்ஸ் மெஷினு. நான் சரியா செட்டிங் போட்டு வச்சிருக்கேன், எல்லாம் கலைஞ்சிரும். சுவிட்ச அணைச்சுப் போடுதவனெல்லாம் டெக்னீசியன்னா, எங்க பில்டிங் வாட்ச்மேன்தான் பெரிய டெக்னீசியன். தினமும் மாடிப்படி லைட்ட அணைச்சுப் போடுதான்.

பேச்சிராஜா: மாடிப்படி லைட்டு எரியுதுல்ல? உங்க நெட்டு வருதா அண்ணாச்சி?

சுரேந்திரன்: என்னலே சொன்ன?

பேச்சிராஜா: உள்ளதச் சொன்னேன். பதினெட்டு வருசக் கடை, கறுப்பு ஸ்கிரீனு, எல்லாம் சரிதான். ஒரு சுவிட்ச அணைக்க ஏன் இப்படிப் பயப்படுதீங்கன்னுதான் எனக்குப் புரியல.

சுரேந்திரன்: கெளம்பு. கெளம்புடே! வயரு இழுக்க வந்தவன் எனக்குப் பாடம் எடுக்கான்!

பேச்சிராஜா: போறேன். மைனி, மோர் நல்லாருந்துச்சு. அஞ்சு நிமிசந்தான், மறந்துராதீங்க.

சங்கரேஸ்வரி: எனக்குத் தெரியும்பா. நீ போ.

சுரேந்திரன்: கதவச் சாத்து. வாய்க்கொழுப்பெடுத்த பய... வருசம் முழுக்க மாடி மாடியா ஏறுதான்ல, அந்தத் திமிரு.

சங்கரேஸ்வரி: மணி ரெண்டு நாப்பது.

சுரேந்திரன்: தெரியுது.

சங்கரேஸ்வரி: அவன் சொன்னத ஒரு தடவ செஞ்சு பாருங்களேன். போனா போவுது.

சுரேந்திரன்: நீயுமா? அவன் பேச்சக் கேட்டு நான் செய்யணுமா?

சங்கரேஸ்வரி: சரி, அவன் சொல்லல. நீங்களே யோசிச்சதா வச்சுக்கிடுவோம். நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்.

சுரேந்திரன்: அதுல நீ கை வச்ச, பாத்துக்க.

சங்கரேஸ்வரி: நான் வைக்க மாட்டேன். நீங்கதான் வைக்கணும்.

சுரேந்திரன்: அப்படி என்னட்டி அவசரம் உனக்கு? நீ அங்க போன் எடுக்கப் போயிட்டா இங்க யாரு எடுப்பா? அத யோசிச்சியா? ஹாதி பாய் மாதிரி நாப்பது பேரு இருக்கான். அத்தன பேரும் உன் குரலக் கேட்டாத்தான் பேசுதான். நான் எடுத்தா, "பாபி இல்லியா?"ன்னு உன்னத்தான் கேக்கான். எங் கடையில, என்ட்டயே!

சங்கரேஸ்வரி: ...அதுவா விசயம்?

சுரேந்திரன்: எது விசயம்? நான் சும்மா சொன்னேன்.

சங்கரேஸ்வரி: ரெண்டு அம்பத்தி மூணு. இன்னும் ஏழு நிமிசம் இருக்கு. அஞ்சு நிமிசம் போதும்னான்.

சுரேந்திரன்: இந்தக் கமாண்ட இன்னொரு தடவ அடிச்சுப் பாக்கேன்.

சங்கரேஸ்வரி: ஏங்க... கேக்கேன்ல. சுவிட்சு உங்க கைக்கு எட்டுத தூரத்துலதான் இருக்கு.

சுரேந்திரன்: ...டீயப் போடு. தலை வலிக்கு.

சங்கரேஸ்வரி: இப்பயா?

சுரேந்திரன்: இப்பத்தான்.

சங்கரேஸ்வரி: சரி. போடுதேன்.

சுரேந்திரன்: ஈஸ்வரி... உன் போன் அடிக்கு பாரு. அவனுகதானா?

சங்கரேஸ்வரி: அவங்கதான். மணி மூணாச்சுல்ல. ...ஹலோ, சொல்லுங்க மேடம். ...ஆமா மேடம், மூணு மணிக்குத்தான். ...இல்ல, லைன்ல ஒரு கோளாறும் இல்ல. ...அவ்வளவு நேரமெல்லாம் நீங்க காத்திருக்க வேண்டாம். ...ஆமா, வேற ஆளப் பாத்துக்கிடுங்க. ரொம்ப தேங்க்ஸ் மேடம்.

சுரேந்திரன்: ...போச்சா?

சங்கரேஸ்வரி: போச்சு.

சுரேந்திரன்: விடு. விடுட்டி. நமக்குன்னு இருந்தா வந்துருக்கும். வாஷிக்காரனுக்கு நாமளா கெடச்சோம்? கடையிருக்கு, நான் இருக்கேன். நாளைக்கு நிதானமா உக்காந்து இந்த நெட்ட ரெடி பண்ணித் தாரேன். நாளைக்கு வந்துரும் பாரு, என்ன ஆனாலும் வந்துரும்.

சங்கரேஸ்வரி: இன்னைக்குக் காலையில பத்து மணிக்கே வந்துருச்சு.

சுரேந்திரன்: என்னது?

சங்கரேஸ்வரி: நீங்க கடைக்குப் போனதும் அந்த மேடம் போன் பண்ணாங்க. மூணு மணிக்குப் பதிலா பதினொண்ணுக்கு வர முடியுமான்னாங்க. நானே வயர மாட்டுனேன். நெட்டு ஓடுச்சு. பதினொண்ணுக்குப் பேசுனேன், செஞ்சு காட்டுனேன். திங்கக்கிழமையிலருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.

சுரேந்திரன்: கெடச்சுருச்சா? பின்ன என்ட்ட ஏன் சொல்லல?

சங்கரேஸ்வரி: சொல்லத்தான் வந்தேன். ஒரு மணிக்குச் சோத்த வடிச்சு வச்சுட்டு, சேலையில கையத் தொடச்சுக்கிட்டே வந்தேன். நீங்க மோடத்த அணைச்சுட்டு, கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க. அஞ்சு நிமிசம். அப்புறம் பையிலருந்து லேப்டாப்ப எடுத்து மாட்டுனீங்க. கடையில கெடக்குன்னீங்களே, அதே லேப்டாப்பு.

சுரேந்திரன்: ...அது வந்து... ஈஸ்வரி, நான் சும்மா லைனு செக் பண்ணத்தான்... சரி, கெடச்சுருச்சுல்ல? அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் என் பக்கத்துல டார்ச்சப் பிடிச்சுக்கிட்டு நின்ன? முடிஞ்சுபோன இன்டர்வியூவுக்கு இப்ப ஏன் அந்த மேடம் போன் பண்ணுதா?

சங்கரேஸ்வரி: இன்னும் ஒரு ஆளு வேணும்னாங்க. எங்க வீட்டுக்காரரு என்னவிட நல்லாத் தெரிஞ்சவருன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டு, எனக்கு வச்சிருந்த மூணு மணிய உங்களுக்கு வாங்குனேன்.